சத்தியமா பாக்கல, மேடம்

திருநெல்வேலி அல்வாவுக்கும் பிளாஸ்டிக் வெடிமருந்துக்கும் எக்ஸ்ரே திரையில் அதிக வித்தியாசம் இல்லை. இரண்டும் அடர்த்தியான கரிமப் பொருள். இரண்டும் ஆரஞ்சு நிறக் கட்டியாக நிற்கும். உலோகம் நீலம், தடித்த உலோகம் கறுப்பு, இடைப்பட்டவை பச்சை. மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா கிளம்பும் அம்மாக்களின் பெட்டியைத் திரையில் பார்க்க வேண்டும்: புளி, மிளகாய்ப்பொடி, லேகியம், வடகம் என்று ஆரஞ்சுக்கு மேல் ஆரஞ்சு. நடுவில் நாலாகக் கழற்றிப் புடவையில் சுற்றிய குத்துவிளக்கு கறுப்பாக நிற்கும். மீனம்பாக்கத்தில், ஒரு விமான நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில், இப்படிப்பட்ட பெட்டிகளைப் பார்த்தே என் உத்தியோகம் கழிந்தது. முதலில் ஸ்கிரீனர், கடைசியில் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் நடத்தும் இன்ஸ்ட்ரக்டர். ஓய்வு நெருங்கிய காலத்தில் மாதம் ஒரு ஞாயிறு நடக்கும் சைவ சித்தாந்த வகுப்பில் சேர்ந்தேன். அங்கே நான் மாணவி, அதுவும் சுமாரான மாணவி.

ஸ்கிரீனர் வேலையின் சிக்கல் வெளியில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. கிடைக்கும் என்று தெரிந்தால் எவரும் தேடுவார்கள். நாங்கள் தேடுவது, அநேகமாக சர்வீஸ் முழுக்க வரவே வராத ஒன்றை. உண்மையான வெடிகுண்டை நான் திரையில் ஒரு நாளும் கண்டதில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களும் கண்டதில்லை. ஆனாலும் ஒவ்வொரு பெட்டியையும், இதில்தான் இருக்கிறது என்ற மாதிரி பார்க்க வேண்டும். வராதவரை வருவார் என்று வாசலைப் பார்த்திருப்பது பக்திக்கு லட்சணம் என்கிறார்கள். அங்கே அதற்குப் பாட்டு உண்டு. இங்கே ஷிப்ட் மட்டும்தான்.

மனித மனம் இந்தக் காரியத்துக்குச் சரிப்பட்டு வராது என்பதை முதலில் அளந்து காட்டியவர்களில் ஒருவர் நார்மன் மாக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிய ரேடார் ஆட்கள், நேரம் ஆக ஆக, திரையில் வந்த புள்ளியைக் கோட்டைவிட்டார்கள். ஏன் என்று பார்க்க மாக்வொர்த் ஒரு மொட்டைக் கடிகாரம் செய்தார். எண்கள் கிடையாது, ஒரே முள், துள்ளித் துள்ளிப் போகும். எப்போதாவது ஒரு இரட்டைத் துள்ளல் வரும். அதைக் கண்டால் அழுத்த வேண்டும். இப்படி இரண்டு மணி நேரம். முதல் அரை மணியிலேயே கூர்மை சரிந்துவிட்டது. 1948இல் அந்த ஆய்வு வெளியானது. இன்றைக்கு ஐரோப்பிய விதிப்படி ஸ்கிரீனர் தொடர்ச்சியாகச் சுமார் 20 நிமிடத்துக்கு மேல் படம் பார்க்கக் கூடாது; பிறகு குறைந்தது 10 நிமிடம் கண் திரைக்குப் போகக் கூடாது.

களைப்பு மட்டும் காரணமாக இருந்தால் டீ கொடுத்துச் சமாளிக்கலாம். 2005இல் ஜெரமி வுல்ஃபும் அவருடைய கூட்டாளிகளும் நேச்சர் இதழில் எழுதியது இன்னும் சங்கடமானது. தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது பங்கேற்றவர்கள் 7 சதவீதத்தைத் தவறவிட்டார்கள். பத்தில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 16 சதவீதம். நூற்றில் ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம். அதே கண்கள், அதே பொருள். அரிதாகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் அது மறைந்துபோகிறது. எங்கள் பெட்டிகளில் நூற்றில் ஒன்றல்ல, கோடியில் ஒன்றுகூட இல்லை. 2015இல் அமெரிக்காவில் மாறுவேடச் சோதனையாளர்கள் 70 முறை போலி ஆயுதங்களோடும் போலி வெடிகளோடும் விமான நிலையச் சோதனையைக் கடக்கப் பார்த்தார்கள், 67 முறை கடந்துவிட்டார்கள் என்று செய்தி கசிந்தது; அந்தச் சோதனையை நடத்தும் துறையின் தற்காலிகத் தலைவர் மாற்றப்பட்டார். அன்று எங்கள் ஓய்வறையில் யாரும் சிரிக்கவில்லை.

இதற்கு ஒரு மருந்து நெடுநாளாக இருக்கிறது. எக்ஸ்ரே மெஷினே அவ்வப்போது உண்மையான பெட்டியின் படத்துக்குள் ஒரு துப்பாக்கியையோ குண்டையோ போலியாகச் செருகிக் காட்டும். 'டிப்' என்போம். கண்டுபிடித்து அழுத்தினால் பாராட்டு வரும்; விட்டுவிட்டால் கணக்கில் ஏறும். பொய்யான அபாயத்தைக் காட்டிக் கண்ணைத் தூங்காமல் வைப்பது. வேதாந்தக்காரர்கள் இதை மாயை என்று தள்ளிவிடலாம். சித்தாந்தத்தில் மாயை இருளோடு சேர்ந்ததல்ல; விடியும்வரை கைகொடுக்கும் விளக்கு. டிப் படத்தின்மேல் முதல் தடவையாக எனக்கு மரியாதை வந்தது அந்தப் பாடம் நடந்த ஞாயிற்றுக்கிழமையில்தான்.

இப்போது அடுத்த கட்டம் வந்திருக்கிறது. பெட்டிக்குள் பார்ப்பவளையும் உள்ளே பார்க்கலாம் என்கிறார்கள். திரைக்கடியில் ஒரு சின்னப் பட்டை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விழியில் பட்டுத் திரும்பச் செய்து, பார்வை எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று வரைந்துவிடும். தலையில் மின்முனைகள் வைத்த தொப்பி. விரலில் வியர்வை அளக்கும் கிளிப், மார்பில் இதயத்துடிப்புக் கருவி. மனம் பாரம் சுமக்கும்போது கருவிழிப் பாவை விரிகிறது என்று டேனியல் கானமனும் ஜாக்சன் பீட்டியும் 1966லேயே காட்டிவிட்டார்கள். அதையும் கேமரா அளக்கும். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை இந்த மாதிரி ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்திருக்கிறது. எங்களிடம் வந்தவர்கள் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆராய்ச்சி மாணவர்கள். பயிற்சியில் இருந்த சில பெண்களைத் தன்னார்வலர்களாக அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். நானும் கூடப் போனேன். முதல் நிபந்தனை, தலைக்கு எண்ணெய் வைக்காமல் வர வேண்டும். மின்முனை தோலோடு ஒட்டாதாம். எண்ணெய் இல்லாத பறட்டைத் தலையோடு நாங்கள் ஆட்டோவில் ஏறியதைப் பார்த்து வாட்ச்மேன் யார் வீட்டில் துக்கம் என்று விசாரித்தார்.

மருத்துவத்தில் கண்ணசைவை அளப்பது பழைய கதை. 1978இல் ஹெரால்ட் குண்டலும் கால்வின் நோடினும், நெஞ்சு எக்ஸ்ரேயில் புற்றுக்கட்டியைத் தவறவிடும் டாக்டர்களின் கண்ணசைவைப் படித்து, தவறுகளை மூன்றாகப் பிரித்தார்கள். கண் அந்த இடத்துக்கே போகாதது ஒன்று. போயும் கணத்தில் நழுவிவிட்டது ஒன்று. போய், நின்று, வேண்டிய நேரம் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று முடிவு செய்தது மூன்றாவது. மூன்றாவது வகைதான் அதிகம். 2013இல் டிராஃப்டன் ட்ரூ, மெலிசா வோ, வுல்ஃப் மூவரும் இன்னும் குறும்பாக ஒன்று செய்தார்கள்: நுரையீரல் ஸ்கேனுக்குள் ஒரு கொரில்லா படத்தை ஒட்டினார்கள். டாக்டர்கள் தேடிய கட்டியைப்போல 48 மடங்கு பெரியது. 24 கதிரியக்க நிபுணர்களில் 20 பேர் அதைக் காணவில்லை. காணாதவர்களில் பெரும்பாலோரின் பார்வை நேராகக் கொரில்லாவின் மேலேயே விழுந்திருந்தது.

அந்தக் கல்லூரிக்குப் போன எங்கள் பெண்களில் ஒருத்தி, விருதுநகர்ப் பக்கம், இருபத்திரண்டு வயது இருக்கும். கைப்பைகளின் படங்கள் வரிசையாக வந்தன; ஒவ்வொன்றுக்கும் 'கிளியர்' அல்லது 'ரிஜெக்ட்'. முடிந்ததும் மாணவர் காகிதத்தை நீட்டினார். பையின் படத்தின்மேல் வட்டங்கள். நேரம் கூடக்கூட வட்டம் பெரிது. ஒரு பையில் இருந்த கத்தியின்மேல் பெரிய வட்டம் உட்கார்ந்திருந்தது. அந்தப் பைக்கு அவள் 'கிளியர்' கொடுத்திருந்தாள்.

"இங்க பாருங்க, ரொம்ப நேரம் பாத்திருக்கீங்க" என்றார் மாணவர். மிரட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "சத்தியமா பாக்கல, மேடம்" என்றாள்.

இது வெறும் பேச்சுவழக்கா, அல்லது அவள் நிஜமாகவே ஒரு சத்தியம் செய்தாளா? சத்தியம் என்றால் அது பொய்ச் சத்தியமா? கருவி சொல்கிறது, பார்த்தாய். அவள் சொல்கிறாள், பார்க்கவில்லை. யாரை நம்புவது என்று கேட்டால் அலுவலகம் கருவியைத்தான் நம்பும். நான் வேறு கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன்: பார்த்தாளா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிற உரிமை யாருக்கு?

வகுப்பில் எங்கள் ஆசிரியர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எண்பதை நெருங்கியவர். அடுத்த வகுப்பின் இடைவேளையில் கேட்டேன். வட்டம் போட்ட காகிதத்தைப் பற்றிச் சொன்னதும் அவருக்கு ஒரே உற்சாகம். "அந்தப் பொண்ணு பொய் சொல்லலம்மா. கண்ணு போச்சு, அவ போகல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சரி, கண்டிருந்தா மட்டும் தானாவா கண்டிருப்பா?" என்று சேர்த்துக்கொண்டார்.

அவர் சொன்னது மெய்கண்டாரின் சித்தாந்த நூலான சிவஞான போதத்தில் வருகிற பாடம். கண் தானாகக் காணாது. உயிர் கண்ணோடு நின்று காட்டினால் காணும். பெரும்பாலான தத்துவங்கள் இதோடு நின்றுவிடும். சித்தாந்தம் ஒரு படி மேலே போகிறது: உயிரும் தானாகக் காணாது. இறைவன் உயிரோடு கலந்து நின்று காட்ட வேண்டும். காட்டிவிட்டு விலகாமல் உடன் நின்று காணவும் வேண்டும். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இதைப் பிரித்துச் சொல்வார்கள். உயிரைப் பற்றிச் சித்தாந்தம் தரும் விளக்கமே, அறிவித்தால் அறிவது என்பதுதான். சுயமாக எதையும் கண்டுபிடித்துவிடும் சூரப்புலி என்று எங்கும் இல்லை.

இதை வைத்து, அன்றைக்கே நம் முன்னோர் கண்ணசைவுக் கருவியைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த வியாதி எனக்குக் கிடையாது. ஆனால் அதே மரபில் வந்த அருணந்தி சிவம் சிவஞான சித்தியாரில் காட்சியை நாலாகப் பிரிக்கிறார்: வாயிற்காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி. பொறியில் பட்டது வேறு, மனம் அதை இன்னதென்று கொண்டது வேறு என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஐயம் வேறு, திரிபு வேறு என்றும் பிரித்து வைத்திருக்கிறார். குண்டலின் மூன்று தவறுகளை நான் முதலில் படித்தபோது அந்நியமாகத் தோன்றாததற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான்.

ஆசிரியரின் பதில் எனக்கு முழுக்க உடன்பாடில்லை. எங்கள் தொழிலில் 'அவ போகல' என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் கொழும்பு விமானத்துக்கு என்று வைக்கப்பட்ட பெட்டி, நிலையத்துக்குள்ளேயே வெடித்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மறு வருடம் ஜூன் 23, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடல்மேல் சிதறி 329 பேர் போனார்கள். அது கிளம்பிய டொரான்டோவில் பெட்டிகளைச் சோதித்த எக்ஸ்ரே மெஷின் நடுவில் பழுதாகிவிட, கையில் பிடிக்கும் மோப்பக் கருவியால் மிச்சப் பெட்டிகளைச் சோதித்தார்கள். ஒரு பெட்டியருகே அது ஒலித்தது. அந்த ஒலிக்கு என்ன அர்த்தம் என்று அங்கே நின்றவர்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லித் தந்திருக்கவில்லை, பெட்டி போய்விட்டது. காட்டுவதற்குக் கருவி இருந்தது. கூட நின்று காண ஆள் இல்லை.

இதை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் விடவில்லை. "பார்க்க உக்கார்றது அவ பொறுப்பு. முழிச்சு உக்கார்றதும் அவ பொறுப்பு. கண்ணுல பட்டது புத்தியில படறது அவ கையிலயா இருக்கு? உங்க ஆபீஸ்ல அதுக்கு என்ன பேரு வெப்பீங்க?"

ஆபீஸில் அதற்கு ஒரே பெயர்தான்: கேர்லெஸ். டிப் படத்தைத் தவறவிட்டால் மெமோவில் வரும் சொல் அது. கண் போகாததும் கேர்லெஸ், போய் நழுவியதும் கேர்லெஸ், நின்று யோசித்துத் தப்பாக முடிவு செய்ததும் கேர்லெஸ். சமயங்களும் இதில் பெரிதாக வித்தியாசப்படவில்லை; தியானத்தில் கண் அசந்தவனை, மந்திரத்தில் மனம் நழுவியவளை, எல்லா ஊரிலும் ஏறக்குறைய இதே தொனியில்தான் திட்டியிருக்கிறார்கள். இந்தக் கருவிகளின்மேல் எனக்கு உண்டான முதல் மதிப்பு இதனால் வந்தது. குற்றவாளியைப் பிடிப்பதைவிட, விடுதலை செய்வதற்கு இவை அதிகம் உதவும். கண்ணே போகாதவளுக்குத் திரையை எந்த ஒழுங்கில் மேய வேண்டும் என்று சொல்லித் தரலாம். நழுவவிட்டவளுக்கு அந்தப் பொருளை இன்னும் நூறு கோணத்தில் காட்டலாம். முடிவில் தவறியவளோடு உட்கார்ந்து பேச வேண்டும். மெமோவால் இந்த மூன்றில் ஒன்றும் நடக்காது.

அதே மரபின் உமாபதி சிவம் திருவருட்பயனில், உயிரை ஒட்டிய அழுக்கான ஆணவத்தை இருளோடு ஒப்பிட்டு, இருளே மேல் என்கிற மாதிரி சொல்கிறார். இருள் பொருளை மறைக்கும், ஆனால் தன்னையாவது இருள் என்று காட்டிக்கொள்ளும். ஆணவம் பொருளையும் மறைக்கும், தான் மறைப்பதையும் மறைக்கும். திரை முன் உட்கார்ந்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டாம். தவறவிட்ட பெட்டி, தவறவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. சரியாகப் பார்த்து அனுப்பிய பெட்டியைப்போலவே உருண்டு போகும். அந்த இருட்டைத் தன்னால் பார்க்க முடியாத ஒருத்திக்கு வெளியிலிருந்து ஒரு காகிதம் வந்து காட்டுமானால், அந்தக் காகிதத்தைக் கும்பிட்டு வாங்கிக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

மூளைத் தொப்பி விஷயத்தில் தயக்கம் உண்டு. அதைக் கண்டுபிடித்த கதையே விசித்திரம். ஜெர்மனியின் யேனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் இளவயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்தில் நசுங்காமல் மயிரிழையில் தப்பினார். அன்றே வீட்டிலிருந்து நலம் விசாரித்துத் தந்தி வந்தது. தூரத்தில் இருந்த அக்காவுக்குத் தம்பிக்கு ஆபத்து என்று தோன்றியதாம். ஒரு மனம் இன்னொரு மனத்துக்கு எப்படிச் செய்தி அனுப்புகிறது என்று தேடிக்கொண்டே போனவர்தான் 1924இல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலில் பதிவு செய்தார். அவர் தேடிய பாசம் அதில் கிடைக்கவில்லை. அலை கிடைத்தது.

அந்த அலையில், எதிர்பார்த்திருந்த அரிய பொருள் கண்ணில் பட்டால் ஏறக்குறைய 300 மில்லி நொடி கழித்து ஒரு மேடு எழும். அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா இதை வைத்து ஒரு முறையைச் சோதித்தது: வீரனின் தலையில் தொப்பி, எதிரே நொடிக்குப் பத்துப் படம். அவன் எதையும் அழுத்த வேண்டாம், யோசிக்க வேண்டாம். எந்தப் படத்துக்கு மேடு எழுந்ததோ அந்தப் படத்தைக் கணினி எடுத்துக்கொள்ளும். விமான நிலையத்துக்கும் இது வரலாம் என்று அந்த மாணவர் ஆசையாகச் சொன்னார். நான் கேட்டது ஒன்றே: அப்போது கண்டவர் யார்? கண் கண்டது, மூளை மேடு காட்டியது, கணினி எடுத்துக்கொண்டது. இந்த வரிசையில் அவளுக்கு இடம் எங்கே? சித்தாந்தம் கண், மனம், புத்தி எல்லாவற்றையும் கருவி என்றுதான் சொல்கிறது, ஆனால் கருவியைக் கொண்டு அறிகிற ஒருவர் உண்டு என்ற கணக்கில். இங்கே அறிகிறவரைத் தாண்டிக் கருவியோடு நேராக வியாபாரம் நடக்கிறது. வேலை நடக்கும், சந்தேகமில்லை; வேகமாகவும் நடக்கும். ஆனால் அதைப் பயிற்சி என்று சொல்லக் கூடாது. பயிற்சி பெற அங்கே யாரும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விமானத்தின் ஏணியடியில் இரண்டாம் தடவை நடக்கும் சோதனையில், லேடர் பாயின்ட் என்போம், பெண் பயணிகளை நான் கையால் தடவிச் சோதித்திருக்கிறேன். கையைத் தூக்குங்கம்மா, திரும்புங்கம்மா என்று சொல்லித்தான் தொடுவோம். பெண்ணைப் பெண்தான் தொட வேண்டும், மறைப்புக்குள் தொட வேண்டும், சந்தேகம் தீர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். உடம்புக்கு இவ்வளவு மரியாதை எழுதி வைத்திருக்கிறோம். மனத்தைத் தடவும்போது மறைப்பு எங்கே? 2010 மே 5 அன்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவரின் விருப்பமில்லாமல் உண்மை மருந்து, பொய் கண்டறியும் கருவி, மூளை மின்னலைச் சோதனை எதையும் நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. கொலைக்குற்றம் சுமத்தப்பட்டவருக்குக் கிடைத்த அந்தத் திரை, மாதச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும் பெண்ணுக்கு உண்டா? விருப்பம் என்று ஒரு கட்டத்தில் டிக் போடச் சொன்னால் அவள் போடாமல் என்ன செய்வாள்? ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், வேலையிடத்தில் ஊழியரின் உணர்ச்சியை அந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டு ஊகிப்பதை 2025 பிப்ரவரி முதல் தடுக்கிறது. மருத்துவக் காரணத்துக்கும் பாதுகாப்புக் காரணத்துக்கும் மட்டும் விலக்கு. எங்களைப் போன்றவர்களை அந்த விலக்கின் உள்ளே உட்காரவைக்கப் பார்ப்பார்கள்.

கண்காணிப்பால் கவனம் கூடும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உயிர் சார்ந்ததன் வண்ணம் ஆகும் என்பது சித்தாந்தம். படிகம் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்த நிறம் காட்டுவதுபோல. தொப்பி மாட்டிக்கொண்ட பெண்களை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதல் சில படங்களுக்கு அவர்கள் பையைச் சாரவில்லை; கவனமாகத் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தைச் சார்ந்திருந்தார்கள். முதுகு நிமிர்ந்து, கண் அகலத் திறந்து, மூச்சைப் பிடித்து. பயம் தெளிந்து கருவியை மறந்த பிறகுதான் தோள் தளர்ந்து, தலை லேசாகச் சாய்ந்து, ஒருத்தி உதட்டைக்கூடக் கடித்துக்கொண்டு, நிஜமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். நல்ல ஸ்கிரீனர் திரை முன் அழகாக இருக்கமாட்டாள். பயிற்சி அறையின் கணக்கு, பதவி உயர்வுக் கோப்புக்கு ஒரு தாளாகப் போகும் என்று தெரிந்துவிட்டால் அந்தத் தளர்ச்சி வரவே வராது. ஆகவே காகிதம் பயிற்சி பெறுபவளிடம் இருக்கட்டும், அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று நான் அடம்பிடித்தேன். மாணவர் ஒப்புக்கொண்டார். நிர்வாகம் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு.

விருதுநகர்ப் பெண்ணின் கதை பாக்கி இருக்கிறது. அவள் சத்தியம் செய்த அன்றே, மாணவர் அடுத்த ஆளைக் கூப்பிடப் போன இடைவெளியில், அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதே பையின் படத்தை மறுபடி வரச் சொன்னேன். கத்தி எங்கே என்று நானும் சொல்லவில்லை, வட்டத்தையும் காட்டவில்லை. இரண்டு பேரும் சும்மா பார்த்தோம். மடக்குக் குடை ஒன்று, தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், சார்ஜர். கத்தி குடைக்குப் பக்கத்தில் படுக்காமல் விளிம்பில் நின்றிருந்தது. அந்தக் கோணத்தில் கத்தி என்பது ஒரு கோடு, அவ்வளவுதான். விரலை அந்தக் கோட்டின் பக்கம் கொண்டுபோய், "இது என்னன்னு நெனச்சே?" என்றேன்.

"குடைக்கம்பி, மேடம்."

"குடைக்கு வெளிய நிக்குதே?"

"எங்க அம்மா குடையில ஒரு கம்பி இப்படித்தான் மேடம், தையல் விட்டுப்போய்த் தனியா நீட்டிக்கிட்டு இருக்கும். யோசிச்சுத்தான் விட்டேன்."

அவள் பார்த்திருக்கிறாள். நின்று, நினைத்து, அம்மாவின் குடையை ஞாபகப்படுத்திப் பார்த்திருக்கிறாள். கத்தியைப் பார்க்கவில்லை என்பதும் நிஜம். கருவி சொன்னதும் பாதி, எங்கள் ஆசிரியர் சொன்ன 'அவ போகல' என்பதும் பாதி. அருணந்தி சிவத்தின் கணக்கில் இது திரிபு, ஒன்றை இன்னொன்றாகக் கொள்வது. இதற்கு வேண்டிய பாடம் கோடு எங்கே முடிகிறது, எங்கே தடிக்கிறது என்று பார்க்கச் சொல்லித் தருவது. கத்தியின் பிடி ஒரு பக்கம் தடிக்கும், குடைக்கம்பி கடைசிவரை ஒரே தடிமன். அன்று மாலையே குடை, ஊசி, முறுக்கு அச்சு, பின்னல் கம்பி எல்லாவற்றையும் விளிம்பில் நிறுத்திப் படமெடுக்க ஒரு பட்டியல் போட்டோம். அதில் பாதிக்கு மேல் அவள் சொன்னவை.

பிறகு ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர் தன் தீர்ப்பைத் திருத்திக்கொண்டாரா என்றால், இல்லை. "அந்தக் குடையை அவளுக்குக் காட்டினது யாரு?" என்று ஆரம்பித்துவிட்டார். மணி அடித்துவிட்டார்கள், அடுத்த பாடம் 'உண்மை விளக்கம்' என்ற நூல். மாணவர் மட்டும் தன் படிவத்தில் ஒரு வரி சேர்த்தார்: என்ன என்று நினைத்தீர்கள்? கீழே மூன்று அங்குலம் வெற்றிடம் விட்டார். அதை எப்படி எண்ணாக மாற்றுவது என்று அவருடைய பேராசிரியர் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.